பாசி யாருடையது

சேரன்மகாதேவி குமரவேலின் மகள் சித்ரலேகாவுக்கு இருபது வயது நடந்த ஆனி மாதத்தில், அவளுடைய இடது தோளில் பாசி பிடித்தது. அந்த வருஷம் சாரல் தாமதம், ஆற்றில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர், தேங்காய் விலை ஏறிக்கொண்டிருந்தது. மற்றபடி ஊரில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. படித்துறையில் தண்ணீருக்குள் இருக்கும் கடைசிப் படியில் காலை வைத்தால் வழுக்கிவிடுமே, அதே பாசிதான். அதே பச்சை, அதே வழவழப்பு. நாற்றம் மட்டும் வேறு. கல்யாண வீட்டில் கழுவாமல் விட்ட அண்டாவின் அடியில் மறுநாள் நிற்கும் தண்ணீருக்கு ஒரு நாற்றம் உண்டு, அது. காலையில் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனால் மத்தியானத்துக்குள் துப்பட்டாவில் பச்சைக் கறை தெரிந்தது. அவள் அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போய்வந்தாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வகுப்பில் யாரும் சொல்லாமலே அவள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் எல்லோரும் பாசியைத்தான் பார்த்தார்கள். அம்மா சொர்ணாம்பாள் பயத்தம் மாவு, கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி இலை என்று அரைத்து அரைத்துப் பூசினாள். போகாததால் தேங்காய் நாரால் தேய்த்தாள். தோல் வழன்றது, பாசி போகவில்லை. ஈரத் தலையோடு அலைகிறாள், கண்ட சோப்பைப் போடுகிறாள், அடக்கமில்லாமல் கையில்லாத உடுப்புப் போட்டதற்குத்தான் இது என்று உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். சொர்ணாம்பாளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார்கள். சொர்ணாம்பாள் கத்திரி வெயிலிலும் மணிக்கட்டு வரைக்கும் ரவிக்கை போடுகிறவள். தலையில் எப்போதும் கை நிறைய மரிக்கொழுந்து. அவள் ஒரு அறைக்குள் வந்து போனால் வாசனை அரை மணி நேரம் அங்கேயே நிற்கும். பாளையங்கோட்டைத் தோல் மருத்துவர் ஒருவர் எட்டடி தள்ளி நின்று பார்த்து, படை என்று சொல்லி, ஒரு குழாய் களிம்பு எழுதிக் கொடுத்தார். சங்கரன்கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் எடுத்து வந்து பூசினார்கள். உப்பும் மிளகும் போட்டார்கள். எதுவும் எடுபடாமல் போன பிறகு, இந்தக் குடும்பம் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தது. பெரியப்பா கையால் திருநீறு வாங்கினால் சரியாகிவிடும் என்று அவளை ஐயம்பெருமாளிடம் கூட்டிக்கொண்டு போனது.

ஐயம்பெருமாள் குமரவேலின் அண்ணன். அடுத்த தெருவில் வீடு. சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தேவாரத்தைப் புத்தகம் பார்க்காமல் பாடுகிறவர். பழைய சைவக் குடும்பம். பரீட்சை, பயணம், பிறந்த நாள், பண்டிகை எதுவானாலும் சிறியவர்கள் விழுந்து கும்பிட வேண்டும், மூத்தவர் நெற்றியில் திருநீறு பூச வேண்டும். அவர் வலது கை மூன்று விரலால் நெற்றியில் இழுத்து, வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். குறை சொல்ல முடியாத கை அது. இடது கைக்குத்தான் வேலை கிடையாது. வேலையில்லாத அந்தக் கை பெண்களின் தோளில் வந்து உட்காரும். உட்கார்ந்து அழுத்தும், பிசையும், முதுகுக்கு இறங்கும், மறுபடி ஏறும். திருநீறு பூசி முடிந்து, கண்ணில் விழாதபடி முகத்துக்கு நேராக ஊதி முடிந்து, படிப்பெல்லாம் எப்படிப் போகுது என்று விசாரித்து முடிந்த பிறகும் எழுந்திருக்காது. வெதுவெதுவென்று, எப்போதும் கொஞ்சம் ஈரமான கை. நகக்கண்ணில் வெற்றிலைச் சிவப்பு. ஊதுகிற மூச்சில் புகையிலை. எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது, நின்று வாங்கிக்கொண்டவர்களைப் பற்றி என்ன சொல்ல.

குடும்பத்துப் பெண்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர் வாசல்படி ஏறும் சத்தம் கேட்டதும் ஒருத்தி காபித் தட்டைக் கையில் எடுத்துக்கொள்வாள், ஒருத்தி அடுத்தவள் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். வீரவநல்லூரில் கட்டிக்கொடுத்த ஒருத்திக்கு அவர் வரும்போதெல்லாம் தீட்டு வந்தது. மாதத்தில் மூன்று முறைகூட வந்தது. தள்ளி நின்றபடியே கும்பிட்டுக்கொள்வாள். இத்தனை வித்தை தெரிந்தவர்களுக்கு, அதைத் தங்களுக்குள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை. அவுகளுக்குக் கொஞ்சம் பிரியமான கை, என்று சொல்லிக்கொண்டார்கள். பாசிக்கு வைத்தியமாகத் திருநீறு கேட்டு வந்த அன்று ஐயம்பெருமாள் பாவம் பிள்ளை என்று உச்சுக்கொட்டி, நெற்றியோடு நிறுத்தாமல் தோளிலும் தன் கையாலேயே தேய்த்துவிட்டார். ஆடி பிறப்பதற்குள் பாசி தோளிலிருந்து முதுகின் பாதிக்கு வந்துவிட்டது. வேளை சரியில்லை என்று வாரா வாரம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருஷம் கொரோனா வந்து, யாரும் யார் வீட்டுக்கும் போகாத சில மாதங்கள் கிடைத்தன. சித்ரலேகாவின் பாசி பழுப்பேறி, காய்ந்து, அப்பளம் உடைகிற மாதிரி உடைந்து படுக்கையில் உதிர்ந்தது. கபசுரக் குடிநீரின் மகிமை என்று குமரவேல் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னார். கேட்டவர்களும் காய்ச்சிக் குடித்தார்கள். அந்தக் கோடையில் சொர்ணாம்பாள் மரிக்கொழுந்து இல்லாமலே இருந்தாள். பூக்காரர் வராததால்தான் என்று நினைத்தார்கள். மறு பொங்கலுக்கு முகக்கவசங்கள் இறங்கின, உறவுகள் வந்தன, ஐயம்பெருமாள் இத்தனை மாதத்துத் திருநீற்றையும் சேர்த்துப் பூசினார். மாட்டுப் பொங்கல் காலையில் சித்ரலேகா கண் விழித்தபோது தலையணை உறை பச்சையாக இருந்தது.

அவளோடு படித்த தஸ்மியா மேலப்பாளையத்துப் பெண். தாவரவியலில் மேலே படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவளிடம் சித்ரலேகா, உனக்குத்தான் பாசி தெரியுமே, இது என்ன பாசி என்று பார், என்று திரும்பி உட்கார்ந்து தோளைக் காட்டினாள். தஸ்மியா பாசியின் பெயரைச் சொல்லவில்லை. கிட்டே குனிந்து அதன் ஓரத்தைச் சுற்றிக் கண்ணால் அளந்தாள்.

“லேகா, நான் கைய வச்சுப் பாக்கட்டுமா? ஒனக்குச் சரின்னா மட்டும்.”

அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் சித்ரலேகாவிடம் கேட்டதில்லை. ம், என்றாள். தஸ்மியா தன் இடது கையை விரித்துத் தோளின் மேல் பாசியோடு பொருத்தி வைத்தாள். “இங்கன கட்ட விரலு. இது நாலு விரலு. என் கையவிடப் பெருசு. இது படையுமில்ல, ஒண்ணுமில்ல. யாரோ ஒரு ஆளோட கையிது.” அவள் கையை எடுத்த இடத்தில் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. சித்ரலேகா எழுந்து பின்கட்டுக்கு ஓடி, சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தாள். இரண்டு வருஷமாகத் தன் உடம்பை நினைத்து அருவருத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த அருவருப்பு மொத்தமும் அன்று இடம் மாறிப் போனது. எங்கே போனது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தஸ்மியா போன பிறகு அம்மாவிடம் சொன்னாள். சொர்ணாம்பாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைகிற கை நின்றது. “பைய பேசுட்டி. பெரியவுக கை அது. வெளிய சொன்னா யாருக்கு அசிங்கம்? ஒனக்குத்தான்.” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “கொஞ்ச நாள்ல பழகிரும்” என்றாள். என்ன பழகும் என்று மகள் கேட்டதற்கு, உலை வைக்க நேரமாகிவிட்டது என்றாள். மரிக்கொழுந்து வாசனை அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

அன்று முதல் சித்ரலேகா அடுத்த தெரு வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அவர் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டாள். பாசி அதற்கு மேல் வளரவில்லை, போகவும் இல்லை. ஐயம்பெருமாள் கவனித்தார். அடுத்த வருஷம் குமரவேலுக்கு அறுபது நிறைந்து மணிவிழா நாள் குறித்தபோது அவர் தம்பியைக் கூப்பிட்டு, உன் மகள் என் காலில் விழுந்து திருநீறு வாங்குவாள் என்றால் வருகிறேன், இல்லையென்றால் மண்டபத்து வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். மூத்தவர் திருநீறு பூசாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு மணிவிழா நடந்ததில்லை. அண்ணன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஊர் கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. குமரவேல் கெட்ட மனிதர் இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நம்புகிற ரகம், அவ்வளவுதான். “ஒரு நிமிச வேலை தாயி. நெத்தியக் காட்டிட்டு வந்துரு. அப்பாவுக்காக” என்றார். ஒரு நிமிஷமாம். அவர் தோளை யாரும் ஒரு நிமிஷம் பிசைந்ததில்லை. சித்ரலேகா மறுநாள், மண்டபத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மணிவிழாவில் தம்பதியை மணையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, உறவினர்கள் வரிசையாகக் கலசத் தண்ணீரை ஊற்றுவார்கள். சொர்ணாம்பாள் தனக்குச் சளி, தலையில் தெளித்தால் போதும் என்று காலையிலிருந்தே ஒவ்வொருவரிடமும் சொல்லி வைத்திருந்தாள். யார் கேட்கிறார்கள். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பத்தமடை என்று வந்திருந்த அத்தனை சொந்தமும் ஆளுக்கொரு சொம்பு ஆசையோடு ஊற்றியது. அவர்கள் வழக்கப்படி அந்த ஈரம் சொட்டச் சொட்டவே மூத்தவர் திருநீறு பூச வேண்டும். சித்ரலேகா துவர்த்துத் துண்டோடு அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். ஐயம்பெருமாள் வெள்ளித் தட்டோடு வந்து, முதல்ல பிள்ளைக்கு, என்றார் சிரித்துக்கொண்டே. குமரவேல் மணையிலிருந்து பாதி எழுந்து கையை நீட்டி, மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்து முன்னால் தள்ளினார். நாகஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்த நேரம் அது.

“பெரியப்பா, என்னைத் தொடாதீங்க” என்றாள் சித்ரலேகா. உள்ளங்கையை நீட்டினாள். “திருநீற இதுல போடுங்க. நானே பூசிக்கிடுதேன்.”

அவர் சிரிப்பை மாற்றவில்லை. “ஏட்டி, நான் என்ன வேத்து ஆளா? தூக்கி வளத்த கை” என்று இடது கையை நீட்டினார். அவள் பின்னால் நகரவில்லை. தொடாதீங்க என்று மறுபடியும் சொன்னாள், கடைசி வரிசையில் பாயசத்துக்குக் காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி. அப்போது அவள் ரவிக்கைக்குள் பாசி அசைந்தது. ஒரு அவசரமும் இல்லாமல், கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி, முதுகிலிருந்து இறங்கி, சேலை ஓரமாக வழிந்து, தரையில் கிடந்த கலசத் தண்ணீரில் ஒரு பச்சைக் கோடாக ஊர்ந்து போனது. வழியில் இருந்தவர்கள் காலைத் தூக்கி அதற்கு இடம் விட்டார்கள். அது யார் காலிலும் ஏறவில்லை. ஐயம்பெருமாளின் பெருவிரலைத் தேடிப் பிடித்து, பட்டு வேட்டியில் ஏறி, இடுப்பைச் சுற்றி வந்து, சரியாக இடது கைக்குப் போய்ச் சேர்ந்தது. விரல் விரலாகப் போட்டுக்கொண்டது. கையை உதறினார், பக்கத்தில் இருந்தவர்கள் மேல் தெறித்த துளிகள்கூடத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டன. தட்டுக்குள் சொட்டிய பாசி திருநீற்றோடு குழைந்து, பார்க்கவே சகிக்காத ஒரு பச்சைக் கூழாயிற்று.

எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். ஆனால் நாற்றம் அந்தக் கையிலிருந்து மட்டும் வரவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த சொர்ணாம்பாளின் ரவிக்கை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை துணிக்குள்ளிருந்து பச்சை தெரிந்தது. மேலே இளம் பச்சை, அதற்கடியில் கரும்பச்சை, அதற்கும் அடியில் கிட்டத்தட்டக் கறுப்பு. மருமகளாக அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முப்பது வருஷத்துப் பாசி. மரிக்கொழுந்து எதற்கு என்று மண்டபத்துக்கே புரிந்தது. அவள் யாரையும் பார்க்காமல் இருந்தாள். பிறகு பைய எழுந்து, மகள் பக்கத்தில் வந்து நின்று, ஐயம்பெருமாளுக்கு நேராக இரண்டு கையையும் நீட்டினாள். அவள் குரல் அவ்வளவு பேர் முன்னால் கேட்டது அன்றுதான்.

“அத்தான், எம்மேல இருக்கதும் ஒங்களோடதுதான். எடுத்துக்கிடுங்க.”

அது இறங்க வெகு நேரம் பிடித்தது. கட்டி கட்டியாக விழுந்தது, சோறு வடித்த கஞ்சி கொட்டுகிற மாதிரி சத்தத்தோடு. நாற்றம் தாங்காமல் இரண்டு பேர் வெளியே ஓடினார்கள். எல்லாம் போய் ஏறி முடிந்தபோது ஐயம்பெருமாளுக்கு இடது கை தோள்பட்டை வரை இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு பச்சைத் தூண்தான் தொங்கியது. பிரியத்துலதான, பிரியத்துலதான, என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சபையில் யாரும் ஆமாம் போடவில்லை. வீரவநல்லூர்க்காரி மட்டும் வாயைத் திறந்தாள். “எனக்குத் தீட்டெல்லாம் ஒழுங்காத்தான் வரும் பெரியப்பா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொன்னதும் அவள் தோளிலிருந்து ஒரு சின்னக் கோடு இறங்கிப் போனது. அவளைப் பார்த்து இன்னும் நான்கைந்து பெண்கள் எழுந்தார்கள்.

சடங்கு நடுவில் நின்றுபோனதே என்று யாரோ கவலைப்பட்டார்கள். குருக்கள்தான் பெரிய யோசனை எதுவும் இல்லாமல் தன் சம்புடத்தைத் திறந்து, சொர்ணாம்பாளை உள்ளங்கையை நீட்டச் சொல்லி, ஒரு சாண் உயரத்திலிருந்து திருநீற்றைப் போட்டார். “கோயில்ல நாங்க இப்படித்தானேம்மா போடறோம். என்னிக்காவது யாரையாவது தொட்டிருக்கோமா” என்றார். சொர்ணாம்பாள் தானே பூசிக்கொண்டாள். மகளும் பூசிக்கொண்டாள். நாகஸ்வரக்காரர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், தாலி கட்டியாயிற்று, பந்தியும் நடந்தது. குமரவேல் சாப்பிட உட்கார்ந்தபோது தன் உள்ளங்கையில் ஒரு ரூபாய் அளவுக்குப் பச்சை இருப்பதைக் கண்டார். மகளைத் தள்ளிவிட்ட கை. இலையில் கை வைக்க முடியாமல் எழுந்து போனார். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் தெரியவில்லையா என்று பிறகு சொந்தத்தில் ஒருவர் கேட்டதற்கு, மழைக்கால ஈரம் என்று நினைத்தேன் என்றார். நினைத்தாராம்.

ஐயம்பெருமாள் அதே தோல் மருத்துவரிடம் போனார். அதே எட்டடி, அதே களிம்பு, விலை மட்டும் கூடியிருந்தது. சங்கரன்கோவில் புற்றுமண், பிளீச்சிங் பவுடர், தேங்காய் நார் எதுவும் விடவில்லை. ஆற்றில் முங்கினால் படித்துறை வழுக்குகிறது என்று பெண்கள் சண்டைக்கு வந்ததால், சுடுகாட்டுக்குக் கீழே போய்க் குளிக்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த முகூர்த்தத்தில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு மாமாவுக்குக் கை பச்சையானது. பத்தமடையில், கல்யாணமான பெண்களின் வயிற்றைத் தடவித் தடவி விசேஷமா என்று கேட்கிற ஒரு அத்தைக்கு இரண்டு கையும். சிலர் கையுறை மாட்டிப் பார்த்தார்கள். வெயில் காலத்தில் கையுறையோடு வருகிறவரைக் கண்டால் குழந்தைகள்கூட ஒதுங்கிக்கொண்டன. குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெரிதாக்குகிறார்கள் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டே அதைச் சொல்கிறார்கள்.

இப்போது அந்தப் பக்கத்தில் திருநீறு கையில்தான் போடப்படுகிறது. பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களிடம் கையைக் காட்டச் சொல்கிறார்கள்; ஜாதகம் வாங்குகிற மாதிரிதான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஐயம்பெருமாளின் கை பங்குனி சித்திரையில் கொஞ்சம் காயும், ஐப்பசியில் தழைக்கும். குமரவேலின் உள்ளங்கையில் இருந்தது தேய்ந்து தேய்ந்து மிளகு அளவுக்கு வந்திருக்கிறது. மகள் அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டக் கற்றுக்கொண்டதிலிருந்து அது வளரவில்லை. சொர்ணாம்பாள் முழங்கைக்கு மேல் நிற்கிற ரவிக்கைகள் தைத்துக்கொண்டாள். வெயிலே படாத அந்தக் கைகள் உரித்த வெங்காயம் மாதிரி வெளுத்திருக்கின்றன. மரிக்கொழுந்து வாங்குவதில்லை, அது தனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை என்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை சித்ரலேகா தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தலை துவட்டிவிடுவது சொர்ணாம்பாள்தான். துண்டோடு பக்கத்தில் வந்தவள் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினாள்.

“தொவட்டி விடட்டுமாட்டி?”

“இன்னைக்கு வேண்டாம்மா.”

சரி, என்று சொர்ணாம்பாள் துண்டை மகள் கையில் கொடுத்துவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள். வழியில் வெளிச்சத்தில் தன் உள்ளங்கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சுத்தமாக இருந்தது.